லைனிங் வைக்காத கவுனின் படம்

நுக்குஅலோஃபா,
அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லோசலினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் இன்றைக்கும் கண் விழித்தோம், மூச்சு ஓடுகிறது, அதற்கு அவருக்கு நன்றி. நீயும் மாப்பிள்ளை மொசேசேயும் ஆக்லாந்தில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது, பதினோரு நாளாக நீ போனை எடுக்கவில்லை, எடுத்தால்தானே சுகமா இல்லையா என்று தெரியும். மெசஞ்சரில் எழுதினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய், பார்த்தாய் என்பதை அது எனக்குக் காட்டிவிடுகிறது, அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பாடகர் குழுவில் இருக்கிற வீக்கா வியாழக்கிழமை விமானத்தில் அங்கே வருகிறாள், தன் மகளின் பிரசவத்துக்கு. அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தை மட்டும் பிரித்துக்கொண்டு கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடாதே. முதலில் இதைக் கடைசி வரைக்கும் படி, நடுவில் கோபம் வந்தாலும் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்து தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார், அவருடைய நாளைக்கு எப்போது வரும் என்று அந்த மருந்துக் குப்பிக்கும் தெரியாது. வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது, உன் கல்யாண விருந்துக்குப் போதும். பின்பக்கம் பந்தலுக்குக் கம்பு நட்டாகிவிட்டது, தகரம் ஒரு பக்கம் போட்டிருக்கிறது, இன்னொரு பக்கம் பாக்கி. அந்தப் பக்கம் ஏன் பாக்கி என்பதைக் கீழே சொல்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதமே.

எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. டிசம்பருக்குள் ஒன்பது கல்யாணக் கவுன் முடிக்க வேண்டும், ஒன்பது பேருக்கும் என்ன பேய் பிடித்ததோ, ஒருத்தியாவது கடைக்குள் வந்து எனக்கு இன்ன மாதிரி வேண்டும் என்று வாயால் சொல்வதில்லை, போனை நீட்டுகிறாள். வங்கியில் வேலை செய்கிற ஃபூசி தெரியுமல்லவா, அவள் அறுபத்து மூன்று படம் வைத்திருந்தாள், நான் எண்ணினேன். ஒரு படத்திலிருந்து சதுரக் கழுத்து, இன்னொன்றிலிருந்து பின்னால் கட்டுகிற பெரிய முடிச்சு, மூன்றாவதிலிருந்து தொப்புளுக்குக் கீழே கூராக இறங்குகிற இடுப்பு, நாலாவதிலிருந்து பலூன் மாதிரி கை. "எல்லாம் ஒரே கவுன்ல வரணும் ஆன்ட்டி, ஆனா சிம்பிளா இருக்கணும்" என்கிறாள். அந்தக் கையும் தைத்த கையாக இருக்கக் கூடாதாம், கழற்றுகிற கையாம். "சர்ச்சுக்குக் கை, விருந்துக்குக் கை இல்ல, போட்டோவுக்கு ஒரு கை" என்றாள். ஒரு கை மட்டுமா என்று கேட்டேன், ஆமாம், அதுதான் இப்போது எல்லாரும் செய்கிறார்களாம். இன்னொருத்திக்கு வெள்ளையே ஆகாதாம், பால் கலந்த டீயின் நிறத்தில் வேண்டுமாம். அவளுடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளுக்காத துணி மாதிரி இருக்கே, நீயாவது சொல்லக் கூடாதா" என்று அழாத குறை. நான் என்ன சொல்ல, சொன்னால் யார் கேட்கிறார்கள்.

இதைக் கேள். ஹஅமோங்கா பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு சாட்டின் துணியில் நம் மரப்பட்டைத் துணியான நாத்தின் கோலத்தை மெஷினில் அச்சடித்து, அதில் கவுன் வேண்டுமாம். அடி பெண்ணே, உன் வீட்டில் கட்டிலுக்கு அடியில் உன் அம்மாவும் சித்திமாரும் மரப்பட்டையை அடித்து அடித்துக் கைகாய்த்துச் செய்த நிஜ நாத்து சுருட்டி வைத்திருக்குமே, அதை இடுப்பில் சுற்றிக்கொள்ளலாமே என்றேன். "அது மொடமொடன்னு நிக்கும் ஆன்ட்டி, போட்டோவுல மடிப்பு விழும்" என்றாள். சரி, அச்சடித்ததையே தைத்துக் கொடுத்தேன், அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இன்னொருத்தியின் முக்காட்டுத் துணி ஐந்து மீட்டர் நீளம், போன சனிக்கிழமை கல்யாணம், காரிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பன்றிக்குட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தூக்கவும் முடியவில்லை, விரட்டவும் முடியவில்லை, பாடகர் குழுவில் நாங்கள் அதே பாட்டை மூன்று தடவை பாடினோம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், அந்த எலும்பு வைத்த கவுனைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மார்பிலிருந்து இடுப்பு வரை நெட் துணி, அதற்குள் உடம்பை இறுக்கிப் பிடிக்க விலா எலும்பு மாதிரி கம்பி, அந்தக் கம்பி வெளியே தெரிய வேண்டுமாம். முப்பது வருஷமாக நான் கம்பியை மறைக்கத்தான் துணி வைத்தேன். தையல்காரி மறைக்க வேண்டியது, லைனிங், ஹூக், தையல் மடிப்பு, எல்லாவற்றையும் வெளியே காட்டுவதுதான் இப்போது டிசைன். அந்தக் கம்பியோடு டிசம்பர் வெயிலில் இரண்டரை மணி நேரம் ஆராதனை, பிறகு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விருந்து. விலாவில் குத்தும் என்றால், "குத்தட்டும் ஆன்ட்டி, ஒரு நாள்தானே" என்கிறார்கள்.

இப்போது உன் கவுனுக்கு வருகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு படி.

நீ அந்த வெள்ளிக்கிழமை ட்ரையல் பார்க்கப் போய் ஐந்து படம் அனுப்பினாய். எனக்கு மட்டும்தான் அனுப்பினாய், அம்மா, லைனிங் இன்னும் வைக்கவில்லை, கம்பியும் நெட்டும்தான் இருக்கிறது, யாரிடமும் காட்டாதே என்று எழுதியும் இருந்தாய். அதை நான் மறுக்கவில்லை. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பக்கம் நெட்டில் இலை இலையாக லேஸ் ஒட்டியிருக்கிறது, இலைக்கும் இலைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, பின்பக்கம் இடுப்பு வரைக்கும் துணியே இல்லை. லைனிங் வைத்தால் முன்பக்கம் சரியாகிவிடும் என்று தையல்காரியான எனக்குத் தெரிகிறது, பின்பக்கத்துக்கு என்ன வழி. அத்தைக்குக் காட்டாமல் இந்த வீட்டில் ஒரு துரும்பு நகராது, அது உனக்கே தெரியும். தோவாகாசே அத்தை உன் அப்பாவுக்கு அக்கா, உன் கல்யாணத்தில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது, நல்ல பாயும் நாத்தும் கேக்கின் மேல்தட்டும் அவளுக்குத்தான். நாளைக்கு சர்ச்சில் வைத்து முதல் தடவையாக அவள் உன் முதுகைப் பார்த்தாளானால் அங்கேயே என்னைக் கேள்வி கேட்பாள். முன்கூட்டியே காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். கண்ணாடி போடவில்லை. அத்தையின் அறுபதாவது பிறந்தநாள் படத்தைத்தான் அத்தையும் மெசஞ்சரில் தன் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள், நம் குடும்பக் குழுவுக்கும் அதே படத்தைத்தான் யாரோ புண்ணியவான் வைத்திருக்கிறான். நான் அத்தை என்று நினைத்து அமுக்கினேன். ஐந்து படமும் போய் முப்பத்தொரு பேரின் போனில் விழுந்தது.

முப்பத்தொரு பேரில் பதினாலு பேர் உனக்கு அண்ணன் தம்பி முறை. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை, மாமா பிள்ளை எல்லாரும் நமக்கு அண்ணன் தம்பிதானே. சிட்னியில் இருக்கிற அந்தத் தறுதலை ஒருத்தி மட்டும் நெருப்புப் படம் போட்டாள். எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினேன், கோழி விற்கிறவளின் மகள்தான் அழித்துத் தந்தாள். அதற்குள் ஃபெலேதி பார்த்துவிட்டான். உன் சொந்த அண்ணன். பார்த்த ஒரு நிமிஷத்தில் குழுவை விட்டே வெளியேறிவிட்டான். தப்பு என்னுடையது. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்றைக்கு ராத்திரி நீ போனில் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் உனக்குப் பாடம் நடத்தியதும் இருக்கிறது, அது வேண்டாத வேலைதான், படத்தைப் பரப்பினவள் நான், உபதேசம் பண்ணினவளும் நான். "டௌஓலுங்கா ஆடும்போது தோள் முழுக்க எண்ணெய் தடவிட்டு அத்தன பேர் முன்னாடி நிக்கறேன், எல்லாரும் வந்து தோள்ல நோட்டு ஒட்டறாங்க, அப்ப உங்க யாருக்கும் கண்ணு கூசல, முதுகுன்னா மட்டும் கூசுதா" என்று கேட்டாய். அது ஆட்டம், இது கல்யாணம் என்று அன்றைக்குச் சொன்னேன், அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் பிறகு ஒன்று சொன்னாயே, அதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை. ஃபெலேதி குழுவை விட்டுப் போய்விட்டான் என்று சொன்னதும், "ஓ, அண்ணனுக்கு என் உடம்பு அவமானமா? அப்ப அவன் வரவே வேணாம்னு சொல்லிரு. நான் சொன்னேன்னே சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் சொல்லவில்லை. நான் சொல்லவே மாட்டேன்.

அவன் இங்கே செய்ததைக் கேட்டால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய். மறுநாள் காலையில் பந்தல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனான், அதுதான் அந்தப் பக்கத் தகரம் பாக்கி. வீட்டுக்குள் வருவதில்லை. நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தால் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். தன் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவின் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டான், இப்போது உன் அப்பா நாள் முழுக்க ரக்பி பார்த்துக்கொண்டு முழங்காலை மறந்துவிட்டார். கல்யாணத்தன்று சர்ச்சுக்கு வர மாட்டானாம், பின்பக்கம் மண் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறானாம். அடுப்பைப் பார்க்க ஆளா இல்லை, இருபது பேர் இருக்கிறார்கள். ஒரே அண்ணன் அடுப்பில் நிற்க, ஊர்க்காரர்கள் வந்து முன் வரிசையில் உட்கார வேண்டுமா. ஏன்டா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுமில்லை என்கிறான். நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன், தங்கையின் மேல் கோபம், கவுனின் மேல் கோபம், பழைய காலத்து மனுஷன் போல முறுக்கிக்கொள்கிறான் என்று. நாலு நாள் நானும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னிடம் பேச முடியாது, அவனிடம் பேச முடியாது. இந்த ஊரில் அண்ணனும் தங்கையும் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, நடுவில் நான் தபால்காரியா, எனக்கு வேறு வேலை இல்லையா. சில சமயம் இந்த மரியாதையை எல்லாம் மூட்டை கட்டிக் கடலில் போட்டால் என்ன என்று வருகிறது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

போன வியாழக்கிழமை அத்தை வந்தாள். கூப்பிடாமல் வந்தாள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "எனக்குக் காட்ட வேண்டியத ஊருக்கெல்லாம் காட்டிட்டியாமே லெசியேலி, எனக்கு எப்பக் காட்டப் போற" என்றாள். நான் காட்டினேன். உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இவள் வேண்டாம் என்றால் உன் கவுன் போச்சு, ஆக்லாந்தில் நீ தைக்கக் கொடுத்த காசெல்லாம் போச்சு, பிறகு நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய். அவள் சொன்னதைக் கேள். "முதுகு நல்லாத்தான இருக்கு. யார் வீட்டு முதுகு, எங்க அப்பா வீட்டு முதுகு. அந்த வயசுல எனக்கு இப்படி ஒரு முதுகு இருந்திருந்தா நான் முன்பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் நான் யாருக்குப் பயந்து செத்தேனோ அவளுக்கு முதுகு பிடித்துவிட்டது! "அண்ணி, அப்ப இதுதான் சர்ச்சுக்கா" என்று கேட்டேன். "துணி விஷயம் பொம்பளைங்க பாத்துக்குவோம், அது கெடக்கட்டும். பையனக் கூப்பிடு" என்றாள்.

ஃபெலேதியை நான் கூப்பிட்டால் வர மாட்டான், அத்தை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. காட்டிலிருந்து மண் அப்பின காலோடு வந்து, உள்ளே வராமல் வாசற்படிக்கு அருகில் காலை மடக்கி உட்கார்ந்தான். நான் சமையலறையில் சேம்பு இலை கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை நிறுத்திவிட்டேன், ஒளிந்து கேட்டேன் என்றே வைத்துக்கொள். அத்தை அவனைத் திட்டவில்லை. "தங்கச்சி மேல என்னடா கோபம்" என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். "கோபமா? அவ மேல எனக்கு என்ன அத்தை கோபம். அவ எதுவும் பண்ணல. நான்தான் பாத்துட்டேன். அம்மா அனுப்பினதுன்னு தொட்டேன், பந்தல் படம்னு நெனச்சேன். ஒண்ண மூடறதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு. தங்கச்சின்னாலும் நம்ம வழக்கப்படி எனக்கு மேல இருக்கறவ அவ, அவள நான் அப்படிப் பாத்திருக்கக் கூடாது. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிட்டு அவ முன்னாடி நிக்கறது. அவ நடந்து வர்றப்ப என்னப் பாத்தா அவளுக்கு அந்தப் படம்தான ஞாபகம் வரும், கூசிப் போயிருவா. அவ எத வேணா போட்டுக்கட்டும், சந்தோஷமா வரட்டும். நான் கண்ணுல படாம அடுப்புக்கிட்ட இருந்துக்கறேன்." படம் வராத போன் வேண்டும் என்றுதான் அப்பாவின் பட்டன் போனை வாங்கிக்கொண்டானாம். அதையும் அத்தை கேட்டுத்தான் சொன்னான்.

எனக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோதே அவன், தங்கை வளர்ந்துவிட்டாள், ஒரே கூரைக்குக் கீழ் படுக்கக் கூடாது என்று, வீட்டை விட்டு வெளிச் சாய்ப்பில் படுக்கப் போனவன், மழை ஒழுகும், ஒரு நாளும் முனகினதில்லை. உன் துணி காய்கிற கயிறு இருக்கிற பக்கம் அவன் நடக்க மாட்டான், மாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவான், நீ கவனித்தாயோ என்னவோ. ஆஸ்திரேலியாவுக்கு மூன்று வருஷம் பழம் பறிக்கப் போனது உன் நர்ஸ் படிப்புக்கு என்று உனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து என் உடம்பு அவமானமா என்று கேட்டாய். அவமானம் உன் உடம்பு இல்லை மகளே, அவனுக்கு அவன் கண்தான் அவமானம். அவன் உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கவும் முடியாது, கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும், சொல்ல அவனுக்கு வாய் வராது. நீயோ அங்கே போனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாய்.

கவுனைப் பற்றி நான் இனிமேல் ஒன்றும் சொல்ல மாட்டேன், இதுவே கடைசி. பொட்டலத்தில் இருப்பது ஒரு மேல்சட்டை. நெட்டில்தான், ஆனால் நல்ல கனமான நெட், முதுகு முழுவதும் லேஸ் வைத்திருக்கிறேன், நீளக் கை, பின்னால் இருபத்திரண்டு சின்னப் பட்டன், துணி போர்த்திய பட்டன், ஒவ்வொன்றும் கையால் செய்தது. உன் அளவு என்னிடம் இருக்கிறது, இடுப்பு கொஞ்சம் கூடியிருந்தால் பக்கத் தையலில் ஒரு விரல் விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள். ஃபூசியின் கழற்றுகிற கையைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது, நான் அவளைத் திட்டினதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சர்ச்சுக்கு மாட்டு, விருந்தில் கழற்று. மாட்ட இஷ்டமில்லையா, மாட்டாதே. கல்யாணம் முடிந்து வரும் முதல் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வழக்கப்படி இடுப்பில் பாயும் நாத்தும் சுற்றித்தான் வர வேண்டும், அத்தை தன்னிடமிருக்கும் பெரிய பாயை உனக்காகவே வெயிலில் காட்டி எடுத்து வைத்திருக்கிறாள், அதில் பேச்சே இல்லை. கல்யாணத்தன்றைக்கு நீ என்ன உடுத்தினாலும் அது உன் இஷ்டம். முதுகு தெரிந்தால் என்ன தெரியாவிட்டால் என்ன, அண்ணன் சர்ச்சுக்குள் இல்லாமல் நீ உள்ளே நடந்து வருவதை என்னால் பார்க்க முடியாது, எனக்கு அந்தத் தெம்பு கிடையாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவனுக்குப் போன் போடு. அவனுடைய பழைய நம்பருக்குப் போட்டால் உன் அப்பா எடுத்து ரக்பி ஸ்கோர் சொல்வார், அப்பாவின் நம்பருக்குப் போடு. கவுன் என்று ஒரு வார்த்தை எடுக்காதே, படம் என்று எடுக்காதே, பரவாயில்லை அண்ணா என்றுகூடச் சொல்லாதே, அதைச் சொன்னாலே அவன் போனை வைத்துவிடுவான். நான் உள்ளே வரும்போது நீ முன் வரிசையில் நிற்க வேண்டும், உன்னைப் பார்க்காமல் நான் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று மட்டும் சொல். மற்றதெல்லாம் அவனுக்குப் புரியும். அவன் ம் என்று மட்டும்தான் சொல்வான், அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பொட்டலத்தில் வாசனைத் தேங்காய் எண்ணெய்க் குப்பியும் இருக்கிறது, முடிக்குத் தேய்த்துக்கொள், ஆஸ்பத்திரியில் இரவு வேலை அதிகமாகப் போட்டுக்கொள்ளாதே, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, அந்த ஐந்து படத்திலும் நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். மொசேசேயின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அவர்கள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று வீக்காவிடம் எழுதிக் கொடுத்துவிடு, பாய் எண்ணிப் போட வேண்டும். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நீயும் உன் வீட்டாரும் பல்லாண்டு ஒற்றுமையாக வாழ்ந்து, எங்களுக்குப் பேரப்பிள்ளைகளைக் காட்டுவீர்களாக.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மறக்கவில்லை, எழுதத் தயங்கினேன். தினமும் சாயங்காலம் தட்டை வாங்க வரும்போது ஃபெலேதி வாசலில் நின்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "தங்கச்சி ஏதாவது சொன்னாளா" என்று கேட்கிறான். முதல் நாள் லைன் சரியில்லை என்றேன். மறுநாள் உனக்கு இரவு வேலை என்றேன். பிறகு உன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாய் என்றேன். நேற்றைக்கு, அவளுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை போல என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் போடு மகளே, என்னிடம் இனிமேல் பொய் இல்லை.

உன் அன்புள்ள அம்மா,
லெசியேலி